பார்சிலோனா கவுண்ட் பதவிக்கு ஏன் இவ்ளோ அடிதடி?

கேள்வி:
801ல ஃப்ராங்க் பேரரசு (இப்போதைய பிரான்ஸ் பக்கம் ஆண்டது) படை பார்சிலோனாவ பிடிச்சதுக்கு அப்புறம் நடந்தத படிச்சிட்டு இருக்கேன். எல்லைல இருக்கற ஊரு, ஸ்பெயின் முஸ்லிம் ஆட்சியோட தலைநகர் கோர்டோபாலேர்ந்து எப்ப படை வரும்னு தெரியாது, அந்த பதவிக்கு போய் பெரிய பெரிய பிரபுக்கள் ஏன் அடிச்சிக்கிட்டாங்க? செப்டிமேனியா பெர்னார்ட் பேரு வேற எங்க பாத்தாலும் வருது, அவர் கதை என்ன?

பதில் 1:
கவுண்ட் (ராஜா சார்பா ஒரு பகுதிய ஆள்றவர்) பதவிங்கறது அப்போ சொந்த சொத்து இல்லங்க, ராஜா குடுப்பாரு, கோவம் வந்தா பிடுங்கிடுவாரு. ஆனா எல்லைல ஜெயிச்சு காட்டுனா அரண்மனைல ஒரேயடியா மேல போயிடலாம். அப்போ பார்சிலோனா கவுண்டா இருந்த பெர்னார்டுக்கு அதான் நடந்துச்சு. 826ல ஆரம்பிச்ச ஐசோங்கறவரோட கலகம், 827ல கூடவே கோர்டோபா படை, ரெண்டையும் தாங்கி பார்சிலோனாவ விடாம வெச்சிருந்தாரு. உதவிக்கு படையோட கிளம்புன ஹியூ, மாட்ஃப்ரிட்னு ரெண்டு கவுண்டுகளும் ஆடி அசைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள எதிரி சூறையாடிட்டு போயாச்சு. 828ல லூயி பேரரசர் அவங்க ரெண்டு பேர் பதவியையும் பறிச்சாரு, அடுத்த வருஷமே பெர்னார்ட அரண்மனை நிர்வாகத்துக்கு கூட்டிட்டு வந்தாரு. ஹியூ யாருன்னா பேரரசரோட மூத்த மகன் லோத்தாருக்கு மாமனார், பகை எங்க போய் நிக்கும்னு பாத்துக்கோங்க.

பதில் 2:
அந்த பகைக்கு விலை குடுத்தது குடும்பம். 830ல லூயியோட ராணி ஜூடித்தோட கள்ள உறவுன்னு பழி போட்டாங்க, பெர்னார்ட் பார்சிலோனாவுக்கு தப்பிச்சிட்டாரு, ஆனா அவரோட சகோதரன் ஹெரிபெர்ட்ட பிடிச்சு கண்ண பறிச்சிட்டாங்க. 834ல லோத்தார் ஷாலோன் ஊர பிடிச்சப்ப இன்னொரு சகோதரன் கௌசெல்ம் தலைய வெட்டுனாங்க, கன்னியாஸ்திரியா இருந்த சகோதரி கெர்பெர்காவ சூனியக்காரின்னு சொல்லி பீப்பாய்க்குள்ள அடைச்சு சோன் ஆத்துல தள்ளிட்டாங்க. இத படிச்சிட்டு எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல.

கேள்வி கேட்டவர்:
ஐயோ. அவர் மனைவி துவோடா ஏதோ எழுதினாங்கன்னு பாத்தேனே?

பதில் 3:
ஆமா, மகன் வில்லியமுக்கு எழுதுன அறிவுரை நூல், 841 நவம்பர்ல உஸெஸ்ல ஆரம்பிச்சு 843 பிப்ரவரில முடிச்சாங்க. உங்க கேள்விக்கு நேரடி பதிலே அதுல இருக்கு. புருஷன் எல்லைல நிலைச்சு நிக்கணும்னு கிறிஸ்தவங்ககிட்டயும் யூதர்கள்கிட்டயும் நிறைய கடன் வாங்கியிருக்கேன், நான் செத்தப்புறம் பாக்கி இருந்தா நீதான் தேடிப் போய் அடைக்கணும்னு மகன்கிட்ட கேக்கறாங்க. எல்லைய காக்க ஆகற செலவு அந்த வீட்டு தலைமேல தான் விழுந்திருக்கு, அவ்ளோ போட்டதுக்கு அப்புறம் யாரு சும்மா விட்டுட்டு போவாங்க? 844ல லூயியோட மகன், ராஜா வழுக்கை சார்லஸ் பெர்னார்டுக்கு மரண தண்டனை குடுத்தாரு. வில்லியம் 848ல சூழ்ச்சி பண்ணி பார்சிலோனாவ பிடிச்சான், 850ல அவனையும் கொன்னுட்டாங்க, இருபத்தி மூணு வயசு. ரெண்டாவது குழந்தைய ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே பெர்னார்ட் தன்கிட்ட கொண்டு வர சொல்லிட்டாரு, அதனால அந்த நூல்ல துவோடா எழுதறாங்க, உன் தம்பி பேரு என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது, அவன் வளந்ததும் இத நீ அவனுக்கு படிச்சு காட்டுன்னு.