நம்ம குடும்பம் குழு: அப்பாவின் ஆபரேஷனும் டாலஸ் லீவும்

கீதா (டாலஸ்): அப்பாவுக்கு பைபாஸ் அடுத்த மாதக் கடைசியில் என்று சொல்லிவிட்டார்கள். நான் கிளம்பி வருகிறேன்.

மதுரை சித்தி: அத்தனை நாள் லீவு போட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிட மாட்டார்களா? மாப்பிள்ளை வரட்டுமே.

ரவி (சான் ஹோசே): அங்கேதான் சிக்கல் சித்தி. அமெரிக்காவில் எஃப்எம்எல்ஏ என்று 1993இல் வந்த சட்டம். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் இவர்களுக்குக் கடுமையாக உடம்பு முடியவில்லை என்றால் வருடத்துக்கு 12 வாரம் லீவு. திரும்பி வந்ததும் பழைய வேலையோ அதற்குச் சமமானதோ தந்தாக வேண்டும். ஆனால் மாமனார், மாமியாருக்காக எடுக்க முடியாது.

மதுரை சித்தி: நல்ல சட்டம் போ! மாப்பிள்ளை இல்லாமல் இங்கே எந்த வீட்டில் ஆஸ்பத்திரி காரியம் நடக்கிறது?

ரவி: எங்கள் கலிபோர்னியாவில் 2022 முதல் மாநிலச் சட்டத்தில் அவர்களையும் சேர்த்துவிட்டார்கள். இவர்கள் இருப்பது டெக்சஸ் ஆயிற்றே.

கீதா: சம்பளம் வருமா?

ரவி: வராது. கையில் இருக்கும் பெய்டு லீவை இதோடு சேர்த்துக் கழிக்கலாம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் தொடரும், உன் பங்கை மட்டும் கட்டு. இந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டதா?

கீதா: போன வருடத் தீபாவளிக்கு முன்பே சேர்ந்துவிட்டேன்.

ரவி: அப்போ சரி. கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், 75 மைலுக்குள் கம்பெனிக்கு 50 பேராவது இருக்க வேண்டும். உனக்கு இரண்டும் தேறும். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்பா: எனக்காகச் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டாம்மா.

கீதா: நீங்கள் பேசாமல் மாத்திரையைப் போடுங்கள் அப்பா. ரவி, மதுரை டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் எச்ஆரில் ஏற்பார்களா?

ரவி: ஏற்றுத்தான் ஆக வேண்டும். பெற்றோர் வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டு டாக்டர் தருவது செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. அவர்கள் கேட்டதும் 15 நாளுக்குள் கொடு. அதைவிட முக்கியம், முன்பே தெரிந்த ஆபரேஷனுக்கு 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கே மெயில் போட்டுவிடு. 12 வாரத்தையும் ஒரேயடியாகத் தீர்த்துவிடாதே, உன் அம்மாவின் முட்டி ஆபரேஷன் வந்தாலும் இதே கணக்கில்தான் எடுக்க வேண்டும்.

மதுரை சித்தி: அத்தானை நாளைக்கு ஓபிக்குக் கூட்டிப் போகிறேன். ஃபாரத்தை இப்போதே அனுப்பு, பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் நானே கொடுக்கிறேன். அவர் கையெழுத்து மருந்துக் கடைக்காரருக்கே புரியாது, டைப் அடித்துத் தரச் சொல்கிறேன்.