டைனமோ சுத்தின ரெண்டு பேர் சிங்கப்பூருக்குப் போன கதை

சிநேகிதரோட வெளிநாடு போய்ப் பெரிய கச்சேரி பாத்த ஆக்கள் எழுதுங்கோ எண்டு கேட்டிருந்தீங்கள். எனக்கு இங்கிலிஷ் பாட்டில ஒரு வரியும் பாடமில்லை. அதைச் சொல்லிப்போட்டே தொடங்கிறன்.

2024 தை மாசம் கோல்ட்பிளே எண்ட இங்கிலாந்துப் பாட்டுக்குழு சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில ஆறு நாள் பாடினது. அதில 26ஆம் திகதி நானும் என்ர சிநேகிதியும் அங்க நிண்டனாங்கள். ரிக்கற் நாங்கள் எடுத்ததில்லை. அவளின்ர அண்ணாவின்ர மகன் லண்டனில இருந்து வாறதுக்கெண்டு எடுத்து வச்சது. கடைசி நேரத்தில அவனுக்கு லீவு குடுக்கேல்லை. "மாமி, காசு வீணாப் போகுது, நீங்களும் அன்ரியும் போங்கோ" எண்டு ரிக்கற்றைப் போனுக்கு மாத்தி விட்டிட்டான்.

சிங்கப்பூருக்கு எங்கட இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை. போறதுக்கு முதல் மூண்டு நாளுக்குள்ள இணையத்தில வருகை அட்டையை நிரப்பினால் காணும். பிளேன் காசுக்கு நான் சீட்டைக் கழிவோட எடுத்தன், அவள் தோட்டை ஈடு வச்சாள். பொங்கல் முடிஞ்சு, வயல் வெட்டுக்கு நிக்குது. இந்த நேரத்தில ரெண்டு பொம்பிளையள் பாட்டுக் கேக்கப் பறக்கினமாம் எண்டால் ஊர் என்ன சொல்லும்? தைப்பூசத்துக்குப் போறம் எண்டு சொன்னம். பொய்யில்லை, 25ஆம் திகதி தைப்பூசம்தானே!

பூசமும் பாத்தம். சிராங்கூன் ரோட் பெருமாள் கோயிலில இருந்து டேங்க் ரோட் தெண்டாயுதபாணி கோயில் மட்டும் மூண்டு கிலோமீற்றருக்கு மேல காவடியள் நடந்து போகுது. அங்க அதுக்குப் பொது விடுமுறை இல்லையாம். வேலைக்கு லீவு போட்டிட்டுத்தான் சனம் அலகு குத்துது. எங்கட பக்கம் தூக்குக்காவடியை உழவு இயந்திரத்தில கட்டி இழுத்துப் பாத்த கண்ணுக்கு, இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு ஒருத்தர் நடக்கிறது புதுசு. அவள் அழுதிட்டாள். அவள் எதுக்கும் அழுவாள், அது வேற.

சரி, கச்சேரி. அடுத்த நாள் பின்னேரம் ஸ்டேடியம் எண்ட பேரிலேயே இருக்கிற எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில இறங்கினம். வாசலுக்குக் கிட்டப் போய்த்தான் பாத்தம், அவளின்ர போனில சார்ஜ் 4 வீதம். காலமையில இருந்து கண்டதையெல்லாம் ஊருக்கு வீடியோ கோலில காட்டிக்கொண்டிருந்தவள். ரெண்டு ரிக்கற்றும் அந்தப் போனுக்குள்ள. "எடியே, ஒண்டையும் தொடாத, அப்பிடியே வச்சுக்கொண்டு நில்" எண்டு நான் கத்த, அவள் போனைக் குப்பி விளக்கு மாதிரி ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு நிண்டாள். வரிசையில எங்களுக்குப் பின்னால நிண்ட ஒரு மலாய்ப் பெடியன் என்ன நடந்தது எண்டு கேக்காமலே பவர் பாங்கைத் தந்தான். உள்ள போகும் மட்டும் அவனும் எங்களோட வயரில கட்டுப்பட்டு நடந்தவன்.

வாசலில ஆளுக்கொரு கைப்பட்டி தந்தினம். எங்கட இடம் கீழ, நிண்டு பாக்கிற பக்கம். நாப்பத்தி மூண்டு வயசில மூண்டு மணித்தியாலம் காத்து நிக்கிறது என்னெண்டு என்ர முழங்காலைக் கேளுங்கோ. ஒரு தண்ணிப் போத்தல் வாங்கலாமோ எண்டு அவள் கேட்டாள். அப்ப ஒரு சிங்கப்பூர் டொலர் எங்கட காசில ஏறக்குறைய 240 ரூபா. விலையைப் பாத்திட்டுத் தாகம் போட்டுது எண்டாள்.

இஞ்சதான் நான் சொல்ல வந்த விசயம். மைதானத்தின்ர பின்பக்கத்தில கொஞ்சச் சைக்கிள் நிப்பாட்டி வச்சிருந்தினம். சனம் ஏறி மிதிக்குது, சைக்கிள் ஓடேல்லை. அந்த நவீன உடற்பயிற்சி ஏதோ எண்டு நினைச்சம். பக்கத்தில நிண்ட தமிழ்ப் பிள்ளை ஒண்டுதான் விளங்கப்படுத்தினது. மிதிக்க மிதிக்கக் கரண்ட் வந்து பட்டரியில சேருமாம். துள்ளினால் கரண்ட் எடுக்கிற தரையும் இருக்காம். அந்தக் கரண்டிலதான் ஒரு சின்ன மேடையை ஓட்டுவினமாம்.

நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம்.

1995 ஐப்பசி யாழ்ப்பாண இடம்பெயர்வில அவளின்ர குடும்பம் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்கு வந்து எங்கட வளவுக்குள்ள கொட்டில் போட்டது. சண்டைக் காலம், வன்னிக்குள்ள கரண்ட் இல்லை, பட்டரி தடை. அவையிட்ட ஒரு சைக்கிள் இருந்தது, எங்களிட்ட ஒரு ரேடியோ. சைக்கிளைச் சீற்றிலயும் ஹாண்டிலிலயும் கவிட்டு வச்சு, டைனமோவைப் பின் ரயரோட முட்ட விட்டு, வயரை ரேடியோவுக்கு இழுக்கிறது. பெடலைக் கையால சுத்துறது யார்? நானும் அவளும். கேக்கிறது? அண்ணாமார். பிபிசி தமிழோசை தொடங்க முதலே எங்களைக் கூப்பிட்டுவினம். கொஞ்சம் மெதுவாச் சுத்தினால் செய்தி வாசிக்கிறவரின்ர குரல் கிணத்துக்குள்ள போகும், "சுத்துங்கோடி" எண்டு ஏச்சு விழும். வேகமாச் சுத்தினால் ரேடியோ எரிஞ்சிடும் எண்டு அதுக்கும் ஏச்சு. செய்தி முடிஞ்சு பாட்டுப் போற நேரம் எங்கட கை ஓஞ்சு போயிடும். அண்ணாமார் எழும்பிப் போயிடுவினம். பிறகு அவள் சுத்த நான் கேப்பன், நான் சுத்த அவள் கேப்பாள். ரெண்டு பேருமாச் சேந்து ஒரு பாட்டையும் முழுசாக் கேட்டதில்லை.

இப்ப அந்த மைதானச் சைக்கிளில அவள் சுடிதாரை இடுப்பில செருகிக்கொண்டு ஏறினாள். என்ன மிதி! அங்க நிண்ட பிள்ளை "காணும் ஆன்டி, அடுத்த ஆளுக்கு விடுங்க" எண்டு சொல்லும் மட்டும் இறங்கேல்லை. இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு என்னட்டக் கேட்டாள்: "இதுக்கு ஏன்டி ஆக்கள் சிரிச்சுக்கொண்டு மிதிக்கினம்?"

பாட்டைப் பற்றி என்னட்டக் கேக்காதேங்கோ. முதல் பெரிய அடி நெஞ்சில விழேக்க அவள் என்ர கையைப் பிடிச்சவள் கனநேரம் விடேல்லை. எங்களுக்கு அப்பிடியான சத்தம் வேற ஞாபகம். பிறகு எங்கட கையில கிடந்த பட்டியள் தன்பாட்டில லைற் மாதிரி எரியத் தொடங்கிச்சுது. ஒரு பாட்டுக்கு முழு அரங்கும் மஞ்சளாப் போச்சு. அம்பத்தையாயிரம் பேர் கொள்ளுற இடமாம். பின்னேர வெயிலில வெட்டுக்கு நிக்கிற வயலை வரம்பில நிண்டு பாத்த மாதிரிக் கிடந்தது. அந்தப் பாட்டை நாங்கள் ரெண்டு பேரும் சேந்து, முதலில இருந்து முடிவு மட்டும் கேட்டனாங்கள். அர்த்தம் கேட்டால் தெரியாது.

வெளிய வரேக்க பட்டியைத் திருப்பிப் போடச் சொல்லிப் பெட்டி வச்சிருந்தினம். அடுத்த ஊருக்கும் அதையே பாவிப்பினமாம். அவளுக்குப் போட மனமில்லை. ஊருக்குக் கொண்டு போனால் எரியாது எண்டு சொல்லிப் போட வச்சன். அதுக்கு இண்டைக்கும் என்னோட கோவம்.

*

மாங்குளத்தில இருந்து ஒரு அண்ணா:

தங்கச்சி, நேர டைனமோவில குடுத்தால் ரேடியோ இரைஞ்சுகொண்டிருக்கும். உங்கட அண்ணாமார் நடுவில டயோட் போட்டிருப்பினம். நான் அந்த வேலை செய்து பழகித்தான் பிறகு ஸ்பீக்கர் சேர்விஸ் தொடங்கினனான்.

நானும் கூட்டாளியும் 2024 ஆடியில கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்குக்குப் போனம், ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி. எங்களுக்குக் கிடைச்சது மேல் அடுக்கு. ட்ரம்ஸ்காரன்ர கை இறங்கிறது திரையில தெரியுது, அடி பிறகுதான் காதுக்கு வருது. சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் மட்டிலதானே போகும், மேடை அவ்வளவு தூரம். கோயில் திருவிழாவில ரோட்டு நீளத்துக்கு ஹோர்ண் ஸ்பீக்கர் கட்டினால் ஒரே பாட்டு ரெண்டு தரம் கேக்குமே, அதே கணக்குத்தான். கூட்டாளி பாட்டுக்கு ஆடுறான், நான் ஸ்பீக்கர் எத்தினை தொங்குது எண்டு எண்ணிக்கொண்டிருந்தன். முடிய ரயில் நெரிசலில ஆளைத் தவறவிட்டு, ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ரொட்டி சனாய்க் கடையில கண்டுபிடிச்சன். என்னைத் தேடாமல் மூண்டாவது ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

*

வவுனியாவில இருந்து ஒரு அக்கா:

வீட்டில உண்மையைச் சொன்னீங்களோ? மற்றது, அந்தச் சைக்கிள் இன்னும் கிடக்குதோ?

*

சொன்னம் அக்கா. எங்கட அம்மா கேட்டது ஒண்டுதான்: "விபூதி கொண்டு வந்தனியளோ?" கொண்டு வந்தனாங்கள்.

சைக்கிள் 2009 பங்குனியில, கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில விட்டிட்டு வந்தது. டைனமோவும் அதிலதான் கிடந்தது.