வசந்தகால வார இறுதிகள்: இரு வீட்டாரையும் பார்க்கணும், நாங்களும் வெளியே போகணும். எப்படிப் பிரிப்பது?

இளந்தளிர்:

கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் வசந்தம். இருவருக்கும் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. என் பெற்றோர் வீடு காரில் மூன்று மணி நேரம். அவர் பெற்றோர் வீடு நேர் எதிர்த் திசையில் இரண்டரை மணி நேரம். குளிர் விட்டதுமே இரண்டு பக்கமும் "எப்போ வர்றீங்க?" ஆரம்பமாகிவிட்டது. அவர்களுக்கும் எங்கள் வீட்டில் வந்து தங்க ஆசை. எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். இதற்கு நடுவே, வெயில் ஏறுவதற்குள் நடைப்பயணம், பிக்னிக் என்று நாங்களும் நாலு இடம் போய்வர வேண்டும். அவருக்கு மகரந்த ஒவ்வாமை வேறு.

"மனம்விட்டுப் பேசுங்கள், எல்லாம் சரியாகும்" ரகப் பதில்கள் வேண்டாம். எதை எப்போது முடிவு செய்வது, என்னென்ன தயார் செய்வது, எங்கே சொதப்பும் என்று சொல்லுங்கள்.

---

நாட்காட்டி:

வசந்தம் என்று மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டால் 13 வார இறுதிகள். ஒரு வாரம் உங்கள் வீடு, ஒரு வாரம் அவர் வீடு என்று மாறி மாறிப் போடுகிறார்கள் பலர். அதில் உங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் மொத்த வரிசையும் சரியும், அடுத்த முறை "அவங்க வீட்டுக்கு மட்டும் போனீங்களே" என்று கணக்கும் வரும்.

நான்கு வாரத்தை ஒரு சுற்றாக வையுங்கள். ஒன்று உங்கள் பெற்றோருக்கு, ஒன்று அவர் பெற்றோருக்கு. மீதி இரண்டுக்கும் தேதி போடாதீர்கள். அதில் ஒன்று வெளியே போக, மற்றது வீட்டில் இருக்க. எது எதுவென்று வானிலை சொல்லட்டும். மூன்று சுற்று போக ஒரு வாரம் கையில் மிஞ்சும். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவதும் அந்தந்தப் பக்கத்துக் கணக்கிலேயே சேரும், தனி வாரம் கிடையாது.

இப்படிப் பிரிக்கக் காரணம் இருக்கிறது. பெரியவர்களைப் பார்ப்பதற்கு மழை தடையில்லை. அவர்களுக்கு வேண்டியது உறுதியான தேதி. அதை மூன்று வாரம் முன்பே சொல்லிவிடலாம். பிக்னிக்குக்குத் தேதி முக்கியமில்லை, வானம் தெளிவாக இருந்தால் போதும். வானிலைக் கணிப்பை ஐந்து நாள் வரை ஓரளவு நம்பலாம். பத்து நாளைத் தாண்டினால் காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். அதனால் புதன் இரவு பார்த்து முடிவு செய்யுங்கள். "மழை 40%" என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துக் கைவிட வேண்டாம், மணிவாரியாகப் பாருங்கள். பல நாட்களில் அந்த மழை மாலை நாலு மணிக்கு மேல்தான் இருக்கும்.

பயணத்துக்கு ஒரு அளவுகோல்: அங்கே விழித்திருந்து பேசும் நேரம், போக வர ஓட்டும் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் போய்வர ஆறு மணி நேரம் என்றால் அன்றே திரும்புவது வீண். சனி எட்டுக்குக் கிளம்பினால் பதினொன்று. ஞாயிறு மதியம் திரும்பலாம். வெள்ளி இரவு வேலை முடித்து ஓடாதீர்கள். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் பெரியவர்கள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

இருவர் கைப்பேசியிலும் ஒரே பகிர்வுக் காலண்டர் இருக்கட்டும். பகிரும்போது "பார்க்க மட்டும்" என்று இருந்தால் "மாற்றவும் செய்யலாம்" என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மட்டுமே எழுதுவார், மற்றவர் "எனக்குத் தெரியாதே" என்பார்.

---

நாலுசக்கரம்:

வாரம் விட்டு வாரம் ஐந்தாறு மணி நேரம் ஓடப் போகும் வண்டி என்பதால் டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

வெப்பநிலை சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் மாறினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ மாறும். வசந்தத்தில் காலை 5 டிகிரி, மதியம் 22 டிகிரி என்பது சாதாரணம். இதிலேயே 3 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்துவிடும். ஓடிச் சூடான டயர் இன்னும் மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும். வழியில் நிறுத்திப் பார்த்துவிட்டு "காற்று அதிகமாக இருக்கிறதே" என்று இறக்குகிறார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. மறுநாள் காலை குளிர்ந்ததும் டயர் சப்பையாக நிற்கும். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, கிளம்பும் முன்பே அளக்க வேண்டும். அளவு டயர் பக்கவாட்டில் இருக்காது. அங்கே இருப்பது உச்ச வரம்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். பல வண்டிகளில் முழுச் சுமைக்குத் தனி எண் கொடுத்திருப்பார்கள். பெரியவர்களையும் பெட்டிகளையும் ஏற்றும் நாளில் அதுதான் கணக்கு.

குளிர்கால டயர் போடும் ஊர் என்றால், காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்கும்போது மாற்றலாம். அதற்கு மேல் ஓட்டினால் அந்த மெத்து ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

அவருக்கு ஒவ்வாமை என்றால் கேபின் ஃபில்டரை (காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கருவி கூடத் தேவையில்லை. ஃபில்டர் ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். வயல், புல்வெளி தாண்டும்போது உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானைப் போடுங்கள். ஆனால் வழி முழுக்க அப்படியே விட்டால் மூச்சுக்காற்று தேங்கிக் கண்ணாடி மங்கும், ஓட்டுபவருக்குத் தூக்கமும் வரும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வெளிக்காற்று. மங்கினால் ஏசியைப் போடுங்கள், குளிராக இருந்தாலும் பரவாயில்லை. அது ஈரத்தை இழுக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட நிறுத்தம். அங்கேயே ஓட்டுநர் மாறிக்கொள்ளுங்கள்.

---

புல்தரை:

வெளியே போவது பற்றி. வசந்தத்தில் ஏமாற்றுவது காற்றின் குளிர்ச்சி. வெயில் உறைக்காது, ஆனால் தோல் கருகும். புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. எல்லோரும் இதில் பாதிதான் பூசுகிறார்கள்.

தரை காற்றைவிட மெதுவாகத்தான் சூடாகும். சாதாரண விரிப்பு கால் மணியில் ஈரத்தை இழுத்துவிடும். அடிப்பக்கம் நீர் புகாத விரிப்பு வேண்டும், அதன்மேல் நுரைப்பாய் போட்டால் உட்காரலாம். பெரியவர்கள் வந்தால் இதெல்லாம் வேண்டாம். கைப்பிடியுள்ள மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். கைப்பிடி இல்லாவிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும், அது அவர்களுக்குப் பிடிக்காது.

ஐஸ் பெட்டியில் பெரும்பாலும் சொதப்புவது இப்படித்தான்: அறைச் சூட்டில் இருக்கும் பெட்டியில் அப்போதுதான் ஆறிய உணவை வைத்து, அடியில் கொஞ்சம் ஐஸ் போடுவது. முதல் நாள் இரவே பெட்டிக்குள் ஐஸ் வைத்துப் பெட்டியைக் குளிரவிடுங்கள். உணவு ஃப்ரிட்ஜில் முழுக்கக் குளிர்ந்த பிறகே உள்ளே போகட்டும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் உறைந்த தண்ணீர் பாட்டில்களை மேலேயும் வையுங்கள். உருகியதும் குடிக்கவும் ஆகும். குடிபானத்துக்குத் தனிப் பெட்டி, ஏனென்றால் அதைத்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். சாதம், முட்டை, பால் பொருள், இறைச்சி எதுவானாலும் 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

புல்லும் புதரும் உள்ள இடமென்றால் உண்ணி. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள். பார்க்க அழகில்லை, பரவாயில்லை. திரும்பியதும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். முதுகை ஒருவருக்கொருவர் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து, முறுக்காமல், நேராக, சீராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் காட்டுவது எதுவும் கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த 30 நாளுக்குள் அந்த இடத்தில் பரவும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும்.

---

மூக்கடைப்பு:

ஒவ்வாமைக்கு மட்டும் பதில்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். தும்மல் ஆரம்பித்த பிறகு வாங்கி, மூன்று நாளில் "பிரயோஜனமில்லை" என்று தூக்கிப் போடுவதுதான் வழக்கம். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பே ஆரம்பிக்கட்டும். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வலது மூக்குக்கு இடது கையால் பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம் பார்க்கும். இரு துளைக்கும் நடுவே உள்ள சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

மாத்திரையில் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமை மருந்து) தூக்கம் வரவைக்கும். ஓட்டும் நாளில் அது கூடாது. தூக்கம் தராத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

காய்ந்த, காற்றடிக்கும் நாளில் மகரந்தம் அதிகம். லேசான மழை பெய்து ஓய்ந்ததும் குறையும். ஆக நடைப்பயணத்துக்கு அவருக்கு நல்ல நாள், மழை விட்ட மறுநாள். திரும்பியதும் உடை மாற்றித் தலை குளித்த பிறகே கட்டிலுக்குப் போக வேண்டும். மாமனார் வீட்டில் தங்கும்போது சொந்தத் தலையணை உறையை எடுத்துப் போகட்டும். வெளியே கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை ஆசையாகப் போட்டு வைத்திருப்பார்கள். அதில்தான் மகரந்தம் முழுக்க ஒட்டியிருக்கும்.

---

ஒற்றையறை:

ஒரே படுக்கையறை என்றால் கட்டில் பெரியவர்களுக்கு, ஏர் பெட் உங்களுக்கு. மரியாதைக்கு மட்டும் சொல்லவில்லை. தாழ்ந்த ஏர் பெட்டிலிருந்து வலிக்கும் முழங்காலோடு எழுந்திருக்க முடியாது. உட்காரும் உயரம் 45 முதல் 50 செ.மீ. வேண்டும்.

புது ஏர் பெட் முதல் இரண்டு மூன்று இரவுகளில் தளரும். பெரும்பாலும் ஓட்டை காரணமில்லை, பிளாஸ்டிக் விரிந்து கொடுப்பதுதான். அதனால் அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பே ஊதி ஓர் இரவு வைத்து, மறுபடி நிரப்புங்கள். வசந்தத்தில் இரவு ஹீட்டரை அணைத்துவிடுவதால் உள்ளிருக்கும் காற்று சுருங்கியும் தளரும். உண்மையிலேயே கசிகிறதா என்று தெரிய வால்வு ஓரமும் தையல் ஓரமும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும். மேலே எத்தனை போர்த்தினாலும் அடியிலிருந்து குளிர் ஏறும், ஆகவே விரிப்புக்குக் கீழே கனமான போர்வை ஒன்று போட வேண்டும்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, குளியலறையில் வழுக்காத மிதியடி, தலைமாட்டில் மூக்குக்கண்ணாடியும் மருந்தும் வைக்கச் சின்ன மேசை.

இரு வீட்டாரையும் ஒரே வாரம் கூப்பிடுவதானால் ஒரு ஜோடிக்கு வீடு, இன்னொரு ஜோடிக்கு விடுதி என்று மட்டும் செய்துவிடாதீர்கள். நாலு பேருக்கும் விடுதி, சாப்பாடு உங்கள் வீட்டில்.

---

இளந்தளிர்:

நன்றி எல்லோருக்கும். ஒன்று மட்டும்: கிளம்பும் நேரத்தை முன்கூட்டியே சொன்னால் மாமியார் முகம் வாடிவிடுமே? "வந்ததும் கிளம்பற பேச்சா" என்பார்.

---

நாட்காட்டி:

நீங்கள் சொல்லாதீர்கள். அவர் பெற்றோரிடம் அவர், உங்கள் பெற்றோரிடம் நீங்கள். அங்கே போன பிறகும் அல்ல, தேதி சொல்லும் அதே போனில்: "அம்மா, சனிக்கிழமை பதினொண்ணுக்கு வந்துடுவோம், ஞாயிறு சாப்பிட்டுட்டு ஒண்ணரைக்குக் கிளம்புவோம். அடுத்த மாசம் நீங்க இங்கே வாங்க, 24-ம் தேதி போட்டு வெச்சிருக்கேன்." அடுத்த தேதியும் சேர்ந்து வந்தால் கிளம்பும் நேரம் காதில் அவ்வளவாக விழாது.

---

நாலுசக்கரம்:

ஒன்றரை வேண்டாம். பகல் இரண்டு முதல் நாலு வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம், அதிலும் விருந்துச் சாப்பாடு. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் காபி குடித்துவிட்டு 20 நிமிடம் அலாரம் வைத்துப் படுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு மேல் தூங்கினால் எழும்போது மந்தமாக இருக்கும். மூன்று மணிக்குக் கிளம்பினால் இரண்டு வீட்டிலிருந்துமே ஆறரைக்குள் வந்துவிடலாம். கூடுதல் ஒன்றரை மணி நேரம் மாமியார் கணக்கில்.