'வினைமுதல் மறைப்பு' என்றே வைக்கலாம்

அன்பர்களே, வணக்கம்.

செய்தியில் செய்தவர் யார் என்பது விடுபட்டுப் போவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் 'எழுவாய் நீக்கம்' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, 'வினைமுதல் மறைப்பு' என்பதே சரி என்பேன். 'வீடுகள் இடிக்கப்பட்டன' என்பதில் எழுவாய் இருக்கிறதே, வீடுகள்! காணாமல் போனது வினைமுதல், அதாவது இடித்தவர். 'தோன்றா எழுவாய்' என்பதும் பொருந்தாது. 'வந்தேன்' என்றால் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'இடிக்கப்பட்டன' யாரையும் காட்டாது.

நான் இருப்பது நீலகிரிக் கூடலூர். 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தை இங்கே எல்லாரும் 'செக்சன் 17' என்போம். அங்கே குடியிருப்பவருக்கு அது வீடு. செய்தித்தாளில் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று இரண்டே சொல். அகற்றியது யார், யார் உத்தரவில், யாருடைய வீடு, எதுவும் இல்லை. அதே பக்கத்தில் 'காட்டு யானை அட்டகாசம்' என்று இன்னொரு தலைப்பு. யானைக்கு மட்டும் வினைமுதல் தவறாமல் கிடைத்துவிடுகிறது. டீக்கடையில் அதைப் படிப்பவர் யானையைத் திட்டுகிறார். அகற்றியது யார் என்று கேட்க அவருக்குத் தோன்றுவதே இல்லை.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் டோனி ட்ரூ முக்கியமானவர். 1975இல் சாலிஸ்பரியில், அதாவது ஜிம்பாப்வேயின் இன்றைய ஹராரேயில், போலீஸ் சுட்டுக் கறுப்பின மக்கள் இறந்தார்கள். லண்டன் 'டைம்ஸ்' தலைப்பில் இறந்தவர்கள் கலகக்காரர்களாக முன்னே வந்தார்கள், போலீஸ் பின்னால் போனது. மறுநாள் செய்தியில் சுட்டவரே இல்லை. கலவரத்தில் இறந்தார்கள் என்றாகிவிட்டது. 1979இல் ட்ரூ இதை வரிவரியாகக் காட்டினார்.

நம் இலக்கணத்துக்கும் இது புதிதல்ல. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்கிறது தொல்காப்பியம். உரைகாரர்கள் தரும் சான்று 'திண்ணை மெழுகிற்று'. மெழுகியவர் யாரோ, ஆனால் திண்ணையே மெழுகியது போலச் சொல்கிறோம். திண்ணையில் யாருக்கும் நட்டமில்லை, வீடு போனால் அப்படியா?

சரி, 'மறைப்பு' என்றால் உள்நோக்கம் கற்பிப்பதாகும், 'நீக்கம்' போதும் என்று ஒருவர் கேட்டிருந்தார். மழைக்காலத்தில் மேகமூட்டம் ஊசிமலையை மறைக்கிறது என்கிறோம். மேகத்துக்கு உள்நோக்கம் உண்டா? இடம் போதாமல் உதவியாசிரியர் வெட்டியிருந்தாலும், வாசகருக்கு ஆள் மறைந்தது மறைந்ததுதான். 'நீக்கம்' அந்த இழப்பைச் சொல்லாது.

அப்புறம், 'அகற்றினர்' என்ற வினை 'அகற்றம்' என்று பெயராகிவிடுகிறதே, அதற்குப் 'பெயராக்கம்' போதுமா, தனிச்சொல் வேண்டுமா? அதையும் சொல்லுங்கள்.