பழைய கார்டு, புதிய கார்டு: உங்களுக்கு இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

ஒற்றைத்திருகாணி:
ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு, செகண்ட் ஹேண்ட், 2022 கடைசி. அந்த செப்டம்பரில் எத்தேரியம் மைனிங் (கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்றதும் பழைய கார்டுகள் சந்தையில் எப்படிக் கொட்டின என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அந்தக் கதை வேண்டாம். விற்றவர் தன்மையான மனிதர். கார்டைத் தன் கணினியிலேயே ஓட்டிக் காட்டினார், வேகத்தை அளக்கிற பெஞ்ச்மார்க் சோதனையில் எண் சரியாக வந்தது, ஃபேனில் கரகரப்பு இல்லை. "கேம் ஆட மட்டும்தான் வைத்திருந்தேன்" என்றார். சரி, கழற்றிக் கொடுங்கள், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். கூலருக்கும் போர்டுக்கும் நடுவே, மெமரி சிப்கள் இருக்கிற பக்கம், எண்ணெய் கசிந்து அதன்மேல் தூசி படிந்து ஒரு கறுப்புக் கோடு. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவே வைக்கிற தெர்மல் பேடில் இருந்து கசியுமே, அந்த எண்ணெய். கார்டின் முக்கிய சிப்பான ஜிபியுவைச் சுற்றி நாலு திருகாணி. மூன்று மங்கல், ஒன்று மட்டும் பளபளவென்று புதுசு, யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

நான் அந்தத் திருகாணியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான் எதைப் பார்க்கிறேன் என்பதை அவர் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவராகவே "வேண்டுமானால் விலையைக் குறைத்துக்கொள்ளலாம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை!

வாங்காமல் வந்துவிட்டேன். அடுத்த வருடம் 4060 வந்ததும் புதிதாக வாங்கினேன், வெறும் 115 வாட், சூடும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆனாலும் 3080 இதைவிட நல்ல வேகமான கார்டு என்பது ஒவ்வொரு புது கேமிலும் ஞாபகம் வருகிறது. அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னாரோ என்னவோ. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள்.

ஹாஷ்ரேட்:
மைனிங்கில் ஓடியது என்றாலே செத்த கார்டு என்று முடிவு கட்டுவதை முதலில் நிறுத்துங்கள் ப்ரோ. நான் வாங்கப் போன இடத்தில் அந்த ஆள் எதையும் மறைக்கவே இல்லை, அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது, இரும்பு அலமாரியில் வரிசையாகக் கார்டுகள். "எது வேண்டும், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியை அணைத்து, அதிலிருந்து உருவிய சூட்டோடு கையில் கொடுத்தார், விரல் சுட்டது. அதே கார்டில்தான் இன்றும் ஆடுகிறேன். ஃபேன் மட்டும் மாற்றினேன்.

மைனிங் செய்கிறவர் கரண்ட் பில்லுக்குப் பயந்து பவர் லிமிட்டைக் குறைத்துத்தான் ஓட்டுவார். சூடு ஒரே அளவில் நிற்கும். கேம் ஆடுகிறவர் கார்டுதான் சூடாகி ஆறி, மறுபடி சூடாகிச் சிப்பைப் போர்டோடு இணைக்கிற சாலிடருக்கு வேலை வைக்கும். எண்ணெய்க் கசிவு ஒரு நோயே இல்லை, சிலிகோன் பேட் சூட்டில் அப்படித்தான் கசியும், பேடை மாற்றினால் தீர்ந்தது. ஒரு நல்ல கார்டை ஒரு திருகாணிக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

கழற்றிப்பார்:
ஹாஷ்ரேட் பாதியைத்தான் சொல்கிறார். சிப்பின் சூட்டைப் பற்றி யார் பேசினார்கள்? எத்தேரியம் மைனிங் மெமரியைத்தான் பிழிந்தெடுக்கும், 3080 சுமப்பதோ ஜிடிடிஆர்6எக்ஸ் என்கிற மெமரி வகை. அது 110 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அந்தச் சூட்டிலேயே மாதக்கணக்கில் ஓடிய கார்டுகள் உண்டு. சின்ன பெஞ்ச்மார்க்கில் இதெல்லாம் தெரியாது. விற்பவரிடம் எச்டபிள்யூஇன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரைத் திறந்து "மெமரி ஜங்ஷன்" என்று வருகிற மெமரிச் சூட்டைக் காட்டச் சொல்ல வேண்டும், கேம் ஓடும்போது, கேம் சூடு பிடித்த பிறகு.

என் கதை சின்னது. இதைத்தான் ஒருவரிடம் கேட்டேன். "இன்றைக்குக் கரண்ட் இல்லை, கார்டைப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்" என்றார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், அவரும் நிமிர்ந்து பார்த்தார், "அது இன்வெர்ட்டர்" என்றார்.

ஹாஷ்ரேட்:
இன்வெர்ட்டராகவே இருக்கலாமே. எல்லாரையும் சந்தேகப்பட்டால் எப்படி.

நீலப்பிளக்:
இவர்களாவது உண்மையான கார்டை விற்றார்கள். எனக்கு ஆன்லைனில் வந்தது ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி என்று அச்சடித்த பெட்டி. பிரித்ததுமே கண்ணில் பட்டது பின்னால் இருந்த நீல நிற விஜிஏ பிளக். 1060 சேர்ந்த பாஸ்கல் தலைமுறையிலேயே என்விடியா விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் அவுட்புட்டை எடுத்துவிட்டது, 1060இல் அது எங்கிருந்து வரும்? இருந்தாலும் மாட்டிப் பார்த்தேன். விண்டோஸ் 1060 என்றே காட்டியது, கார்டின் பயாஸை, அதாவது உள்ளே பதிந்திருக்கிற சாஃப்ட்வேரை, அப்படி மாற்றி எழுதியிருக்கிறார்கள். கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்தேன், பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுக் காட்டியது, ஷேடர் (படத்தைக் கணக்கிடுகிற சின்ன அலகுகள்) எண்ணிக்கை 192. நிஜ 1060 6 ஜிபிக்கு 1280 இருக்க வேண்டும். உள்ளே இருந்தது 2010இல் வந்த ஜிடிஎஸ் 450.

விற்றவருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். வந்த பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: "சார், அந்த சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், சரியாகிவிடும்."

பணம் திரும்பி வந்தது, அது வேறு விஷயம். ஆனால் அந்த வரியை எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதினாரா, நம்பி எழுதினாரா என்று இன்றுவரை புரியவில்லை.

தம்பிபிசி:
போலி கிடக்கட்டும், அசல் கார்டே ஆளுக்கு ஒரு முகம் காட்டும். அண்ணனும் நானும் ஒரே கார்டை வாங்கினோம், மதர்போர்டில் கார்டு சொருகுகிற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நாலு லேன் (டேட்டா போகிற பாதை) மட்டும் எடுக்கிற ரகம், 4 ஜிபி மெமரி. என் பி550 போர்டில் ஒழுங்காக ஓடியது. அண்ணனுடையது பி450. அதே கேம், அதே செட்டிங், அதே தெரு, அங்கே திரும்பும்போதெல்லாம் படம் நின்று நின்று வரும். "உன் கார்டைக் கொடு, என்னுடையதை நீ வைத்துக்கொள்" என்றார். மாற்றிப் போட்டோம். திணறல் அவர் வீட்டிலேயே இருந்தது! அவர் முகம் போன போக்கு இருக்கிறதே... நான் ஏதோ செய்து ஏமாற்றுகிறேன் என்றே நினைத்துவிட்டார்.

நாலு லேன் என்றால் என் பி550 போல நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் சமாளித்துக்கொள்ளும், அண்ணனுடைய பி450 போல மூன்றாம் தலைமுறையில் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பி சிஸ்டம் ரேமுக்குப் போய்வர ஆரம்பித்ததும் வழி அடைபடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நாலு லேன், ஆர்எக்ஸ் 6600க்கும் ஆர்டிஎக்ஸ் 4060க்கும் எட்டு. பெட்டியில் இதையெல்லாம் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். இதை அண்ணனுக்கு விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை.

வாட்கணக்கு:
நண்பன் வீட்டில் 3080, பழைய 550 வாட் பவர் சப்ளை. பெஞ்ச்மார்க் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். ஒரு கேமில் லோடிங் முடிந்து கதவு திறக்கிற காட்சி வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், எல்லா ஃபேனும் நின்றுவிடும். பவர் பட்டனை அழுத்தினாலும் எழாது, பின்னால் போய் பவர் சப்ளை ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் எழும். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

யாரும் கேட்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஒற்றைத்திருகாணி 3080ஐ விட்டது பவர் சப்ளை வகையிலாவது நல்லதுதான். அதன் கணக்கு 320 வாட் என்பது சராசரி. மில்லிசெகண்ட் அளவில் அதைவிட மிக உயரத்துக்குக் குதித்து இறங்கும், அந்தக் குதிப்பைத்தான் பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட் பிடித்து அணைத்துவிடுகிறது. என்விடியாவே அதற்கு 750 வாட் சொன்னது. அப்புறம் கேபிள். ஸ்லாட் தருவது 75 வாட், பவர் சப்ளையில் இருந்து வருகிற 6 பின் பிளக் 75, 8 பின் பிளக் 150. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனி கேபிள் இழுங்கள், ஒரே கேபிளில் இரட்டைத் தலை தொங்குகிறதே என்று அதையே இரண்டிலும் சொருகாதீர்கள். கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் பவர் சப்ளை மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கார்டு பக்கத்துப் பின்தான் எல்லாருக்கும் ஒன்று, பவர் சப்ளை பக்கத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை, சொருகினால் பொருந்தும், ஆனால் 12 வோல்ட் போகக்கூடாத கம்பியில் போய் எதையாவது எரித்துவிடும். 16 பின் வருகிற புதிய கார்டு என்றால் அது முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பிளக்கை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள். 2022இல் 4090 பிளக்குகள் உருகிய படங்களை எல்லாரும் பார்த்தோம். கேபினட் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள், முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழித்து. கார்டு நீளம் முப்பது சென்டிமீட்டரைத் தாண்டுவது இப்போது சாதாரணம்.

நாலுகோர்:
வாட்கணக்கு அண்ணே, கதை நாலு வரி, அறிவுரை நாற்பது வரி. :) பவர் சப்ளை, கேபிள், பேட், எல்லாம் சரி, பிராசஸரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே.

ஐ5-7500, நாலு கோர் நாலு த்ரெட், அதில் புதிதாக ஆர்எக்ஸ் 6600. முதல் நாள் ராத்திரி, சந்தைக் கூட்டத்துக்குள் நடக்கிற காட்சி. திரை ஓரத்தில் எண்களைக் காட்டுகிற ஓவர்லேயில் கார்டின் உழைப்பு 45 சதவீதம், பிராசஸரின் நாலு கோரும் 100. கிராஃபிக்ஸ் செட்டிங்கை லோவில் இருந்து மீடியம், ஹை, அல்ட்ரா என்று இழுத்துக்கொண்டே போனேன், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) அசையவே இல்லை. படம் அழகாகிக்கொண்டே போகிறது, எண் அங்கேயே நிற்கிறது. மாட்டு வண்டியில் ரேஸ் பைக் இன்ஜினைக் கட்டியது போல. யூடியூபில் இந்தக் கார்டைச் சோதிக்கிறவர்கள் சந்தையிலேயே வேகமான பிராசஸரைப் போட்டுத்தான் சோதிப்பார்கள், கார்டு எவ்வளவு தரும் என்று பார்க்க அதுதான் சரியான முறை, ஆனால் அந்த எண் நம் வீட்டுக்கு வராது. சராசரியையும் நம்பாதீர்கள், 1% லோ (மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் எஃப்பிஎஸ்) என்று கீழே சின்னதாக ஒரு எண் போடுவார்கள், திணறல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் பழைய கார்டிலேயே ரெசல்யூஷனை 720க்கு இறக்கி ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு மாற்றலாம். ஏறாவிட்டால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

தம்பிபிசி:
720 சோதனையை அண்ணன் கணினியில் செய்தேன், ஏறியது. ஆனாலும் அவர் பிராசஸரையும் மாற்றப் போகிறாராம், ரைசன் 5000 வரிசையில். அதைப் போட்டால் ஸ்லாட் வேகம் கூடுமா?

கழற்றிப்பார்:
கூடாது. பி450 போர்டு பயாஸ் அப்டேட்டில் ரைசன் 5600ஐ ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஸ்லாட் மூன்றாம் தலைமுறையாகவே இருக்கும். பி550க்குப் போனால்தான் நான்காம் தலைமுறை, அங்கேயும் 5500, 5600ஜி இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள், அவை எந்தப் போர்டில் போட்டாலும் மூன்றாம் தலைமுறைதான் கொடுக்கும். போர்டையும் பிராசஸரையும் மாற்றுவதைவிட அந்த நாலு லேன் கார்டை விற்றுவிட்டு எட்டு லேன், 8 ஜிபி கார்டாக ஒன்று வாங்குவது மலிவு. விற்கும்போது எந்தப் போர்டில் திணறும் என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.