பொருள்: 'நாட்பட்ட எலும்புத் தொற்று' வேண்டாம், வேறு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

சி.என்.ஓ. எனப்படும் க்ரானிக் நான்-பாக்டீரியல் ஆஸ்டியோமைலைட்டிஸ் என்ற எலும்பு நோய்க்கு நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் 'நாட்பட்ட எலும்புத் தொற்று' என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆகவேண்டும். இந்த நோயில் தொற்றே கிடையாது. தடுப்பாற்றல் தானாகத் தூண்டப்பட்டு எலும்பில் அழற்சி உண்டாகிறது. ஆன்டிபயாடிக் எத்தனை வாரம் கொடுத்தாலும் பயனில்லை. பெயரிலேயே 'தொற்று' இருந்தால், மருந்து இன்னும் போதவில்லை போலும் என்றுதானே பெற்றோர் நினைப்பார்கள்?

என் பரிந்துரை: 'தொற்றிலா நாட்பட்ட எலும்பழற்சி'.

இந்த உரையாடல் இழையில் இதே நோய்க்கு ஒருவர் முன்வைத்த 'காரணமறியா எலும்பு வலி' என்ற பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை. அது அறிகுறி, நோய் அல்ல. அந்தப் பெயரோடு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், வெறும் வளர்ச்சி வலி என்று விட்டுவிட்டு, காரணத்தைத் தேடுவதே நின்றுவிடும். வளர்ச்சி வலி என்றால் பெரும்பாலும் இரண்டு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வரும், காலையில் போய்விடும், வீக்கம் இருக்காது. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கூடவே வீக்கம் என்றால் அது வேறு கதை. ஆஸ்டியோசார்கோமா, யூயிங் சார்கோமா போன்ற எலும்புப் புற்றுநோய்கள், ரத்தப் புற்றுநோய், உண்மையான கிருமித்தொற்று ஆகியவை இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். சி.என்.ஓ.வை மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சற்றே கூடியிருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலிக்காத எலும்புகளில்கூட அழற்சி தென்படுவதுண்டு. காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோளை இணைக்கும் எலும்பு) வீங்கியிருந்தால் சி.என்.ஓ.வாக இருக்கும் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஐயம் தீராவிட்டால் திசு ஆய்வுதான் வழி.

அப்புறம், சி.என்.ஓ.வில் பல எலும்புகளில் வந்து வந்து போகும் சி.ஆர்.எம்.ஓ. (க்ரானிக் ரிகரண்ட் மல்டிஃபோகல் ஆஸ்டியோமைலைட்டிஸ்) வகை. 1972-இல் முதலில் விவரிக்கப்பட்டது இந்த வடிவம்தான். இதற்குப் 'பல்லிட மீள் எலும்பழற்சி' பொருந்தும்.

ஆஸ்டியோமைலைட்டிஸ் என்ற சொல் எலும்பின் உள்ளிருக்கும் மச்சையையும் (மஜ்ஜை) குறிக்கிறது, 'எலும்பழற்சி'யில் அந்த 'மச்சை' விடுபடுகிறதே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சி.என்.ஓ.வில் உள்ள 'ஓ'வை ஆஸ்டியைட்டிஸ் (எலும்பில் அழற்சி) என்றும் விரிக்கிறார்கள். அதற்கு நேர்ச்சொல் எலும்பழற்சியே. கிருமியால் வருவதற்கு 'எலும்புமச்சைத் தொற்று' என்று தனியே வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாகக் குழந்தை மருத்துவர்களின் கருத்து வேண்டும்.