புதுப்பிப்பு: லேபர்வுர்ஸ்ட் (ஜெர்மன் ஈரல் சாசேஜ்), ஈரல் விகிதமும் பிரியும் கொழுப்பும்

"அமெரிக்க ஈரல் சாசேஜில் ஈரல் பேருக்குத்தான்" என்று நான் முன்பு எழுதியது தவறு. அங்கே சட்டப்படி குறைந்தது 30% ஈரல் இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் பாக்கெட்டிலேயே ஈரல் சதவீதம் அச்சாகியிருக்கும். எந்த நாட்டுச் சாசேஜ் என்று பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

வீட்டில் லேபர்வுர்ஸ்ட் செய்தால் கொழுப்பு பிரிகிறது என்று கேட்டவர்களுக்கு: அரைக்கும் முன் ஈரலை வேகவைக்காதீர்கள். வெந்த ஈரலின் புரதம் கொழுப்பைப் பிடிக்காது. பச்சை ஈரல் 300 கிராமை 18 கிராம் உப்போடு குமிழி வரும்வரை அரையுங்கள். வெந்த பன்றி வயிற்றுக்கறி 700 கிராம், 50 டிகிரிக்கு இறங்கியதும் சேருங்கள். அதைவிட ஆறினால் கொழுப்பு இறுகித் திரிதிரியாகிவிடும். வதக்கிய வெங்காயம், மார்ஜோரம் (ஒரு மண மூலிகை) கடைசியில். சாசேஜ் உறையில் அடைத்து 75–80 டிகிரி தண்ணீரில், நடுப்பகுதி 72 டிகிரி தொடும்வரை வேகவையுங்கள். தண்ணீர் கொதித்தால் உறையின் முனையில் கொழுப்பு தொப்பி போலத் தேங்கும். எடுத்ததும் ஐஸ் தண்ணீர்.